டிரெய்லர் எலக்ட்ரிக் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் கேரவன் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடிவிட்டன. தோட்டவேலை, டைல்ஸ் வேலை, உணவு வண்டி என்று தொழிலுக்கு டிரெய்லர் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "பிரேக் பிடிக்க மாட்டேங்குது." தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். 12 வோல்ட்டில் இயங்கும் டிரம் வகை எலக்ட்ரிக் பிரேக் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. ஹைட்ராலிக், ஓவர்ரன் வகைகள் வேறு கதை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காந்தம் போச்சு, கன்ட்ரோலர் போச்சு என்று புதுப் பொருள் வாங்க ஓடாதீர்கள். அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கம் உரசி நிறுத்தும் வளைந்த கட்டை) தளர்ந்திருக்கும். இல்லையென்றால் வழியில் ஏதோ ஒரு இணைப்பில் வோல்டேஜ் செத்துக்கொண்டிருக்கும்.

1. இது கார் பிரேக் மாதிரி ஆயில்ல வேலை செய்யறது இல்லையா? எப்படித்தான் பிடிக்குது?

ஆயில் கிடையாது. நீங்கள் பெடலை மிதித்ததும் காருக்குள் இருக்கும் கன்ட்ரோலர், நீல வயர் வழியாக டிரெய்லருக்குக் கரண்ட் அனுப்பும். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் உண்டு. கரண்ட் வந்ததும் அது டிரம்மின் உள்முகத்தைக் கவ்வும். டிரம் சுற்றிக்கொண்டிருப்பதால் காந்தத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். காந்தம் ஒரு நெம்புகோலின் நுனியில் மாட்டியிருக்கிறது. நெம்புகோல் திரும்பியதும் அதன் மேல்முனை இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மோடு அழுத்தும்.

ஷூவை அழுத்தும் பலம் சக்கரம் சுற்றுவதிலிருந்து வருகிறது; கரண்ட் அந்தப் பலத்தைத் தொற்றிக்கொள்ள உதவுகிறது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் சுலபமாகப் புரியும்.

2. வீக்கா இருக்கா, இல்ல இதுதான் நார்மலா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான, காய்ந்த ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் போங்கள். கார் பெடலைத் தொடாமல் கன்ட்ரோலரின் மேனுவல் லீவரை (சிலவற்றில் அது பட்டன் அல்லது குமிழ்) முழுதாக அழுத்துங்கள். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் டிரெய்லர் காரை நிறுத்த முயல வேண்டும். வேகம் மெல்ல மெல்லத்தான் குறைகிறது என்றால் வீக். சாதாரணமாக பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு குத்திக்கொண்டு, பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தாலும் அதே அர்த்தம்தான்.

சக்கரம் லாக் ஆக வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். காலி டிரெய்லர் என்றால் ஆகலாம். முழு லோடு ஏற்றிய பெரிய கேரவனில், தார் ரோட்டில், எல்லாம் சரியாக இருந்தும் லாக் ஆகாமல் போகலாம். அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது.

3. என் டிரெய்லர் சின்னதுதான். பிரேக் கட்டாயமா?

ஜி.டி.எம். என்ற எண்ணைப் பாருங்கள். டிரெய்லரை மாட்டி, அனுமதித்த முழு லோடும் ஏற்றிய நிலையில் அதன் சக்கரங்கள் தாங்கும் எடை அது. டோ பாலில் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டை) விழும் எடை இதில் சேராது. 750 கிலோவரை பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2000 கிலோவரை குறைந்தது ஒரு ஆக்சிலின் சக்கரங்களில் பிரேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், டிரைவர் இருக்கையிலிருந்தே இயக்கவும் முடிய வேண்டும். கூடவே பிரேக்அவே அமைப்பும் கட்டாயம்: டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

4. அண்ணை, கெயின் 10இல வைச்சாலும் கரவன் காரைத் தள்ளிக்கொண்டு வருது. முதல்ல எதைப் பாக்கிறது?

முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட். இரண்டாவது, காந்தத்துக்குப் போய்ச் சேரும் கரண்ட். மூன்றாவதுதான் டிரம்மைக் கழற்றி உள்ளே பார்ப்பது. இந்த வரிசையில் போனால் செலவில்லாத வேலைகள் முதலில் முடிந்துவிடும்.

கெயின் என்பது எவ்வளவு கரண்ட் அனுப்ப வேண்டும் என்று கன்ட்ரோலரில் வைக்கும் அளவு. அதைக் கூட்டிக்கொண்டே போய் 10-ல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், குறை நேற்று வந்தது இல்லை. ஷூ தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சமாளித்திருக்கிறீர்கள். போன வருஷம் எத்தனையில் ஓட்டினோம் என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி கிளவ்பாக்ஸில் வைத்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

5. அட்ஜஸ்ட்மென்ட் நானே செய்யலாமா?

ஜாக் போட்டு ஸ்டாண்ட் வைக்கத் தெரிந்தவர் செய்யலாம். அந்தப் பழக்கம் இல்லாதவர் மெக்கானிக்கிடம் கொடுங்கள், இது பெரிய செலவில்லை. சமதரையில் காரோடு மாட்டியபடி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, சேஸியில் ஜாக் கொடுத்துத் தூக்குங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக் வைக்க வேண்டாம், வளைந்துவிடும். தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

சக்கரத்தின் பின்பக்கத் தகட்டில், அடிப்பகுதியில், ஒரு நீளமான துளையும் அதில் ஒரு ரப்பர் மூடியும் இருக்கும். மூடியைப் பிடுங்கி உள்ளே டார்ச் அடித்தால் பல்சக்கரம் மாதிரி ஒரு நட்சத்திரச் சக்கரம் தெரியும். தட்டை ஸ்குரூடிரைவரால் அதை ஒவ்வொரு பல்லாகத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் டயரை முன்பக்கமாகச் சுற்றுங்கள். கையால் சுற்றவே கஷ்டமாகும்வரை இறுக்குங்கள். பிறகு எதிர்த்திசையில் தளர்த்துங்கள். டயர் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் உள்ளே ஷூ லேசாக உரசும் "ஸ்ஸ்ஸ்" சத்தம் கேட்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். சத்தமே இல்லையென்றால் தளர்த்தியது அதிகம். முதலில் இறுக்கிவிட்டுத் தளர்த்துவதற்குக் காரணம், ஷூ இரண்டும் டிரம்முக்கு நடுவில் சரியாக உட்கார வேண்டும் என்பதுதான். ரப்பர் மூடியை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

புது பிரேக் என்றால் முதல் 300 கி.மீ. சுமாரில் ஒரு முறை, அப்புறம் 5000 கி.மீ.க்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

6. என்னுடையது செல்ஃப் அட்ஜஸ்டிங்னு சொல்லித்தான் வித்தாங்க. அதையும் தொடணுமா?

பாருங்கள். தானாக இறுக்கிக்கொள்ளும் வகையிலும் முதல் முறை கையால் சரிசெய்திருக்க வேண்டும். ஷூ நன்றாக நகர்ந்தால்தான் நட்சத்திரச் சக்கரத்தைத் தள்ளும் லீவர் ஒரு பல் முன்னேறும். பிரேக்கே வீக்காக இருந்தால் அது நகரவே நகராது. தூசியிலும் துருவிலும் நட்சத்திரச் சக்கரம் இறுகிப்போவதும் சகஜம்.

7. புது ஷூ, புது காந்தம் எல்லாம் போட்டாச்சு. முன்னைவிட மோசமா இருக்கே?

புது ஷூ டிரம்மோடு முழுப்பரப்பிலும் இன்னும் படியவில்லை, அங்கங்கே புள்ளி புள்ளியாகத்தான் தொடுகிறது. காந்தத்தின் முகமும் அப்படியே. படிய வைக்க ஒரு வழி இருக்கிறது. போக்குவரத்து இல்லாத ரோட்டில் 65 கி.மீ. வேகத்திலிருந்து 30-க்கு வரும்வரை மேனுவல் லீவரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். 20, 30 முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒன்றரை கிலோமீட்டராவது சும்மா ஓட்டி ஆறவிடுங்கள். ஆறவிடாமல் தொடர்ந்து பிடித்தால் ஷூ முகம் கண்ணாடிபோல் பளபளத்து, படிவதற்குப் பதில் கெட்டுப்போகும். முடிந்ததும் மறுபடி அட்ஜஸ்ட் செய்து, கெயினையும் புதிதாக வையுங்கள்.

8. மீட்டர் வச்சுப் பார்த்தேன், காந்தத்துக்கிட்ட 12 வோல்ட் காட்டுது. அப்ப கரண்ட் சரிதானே?

இந்த ஒரு கேள்விதான் பலரைத் தேவையில்லாமல் கடைக்கு அனுப்புகிறது. காந்தத்தின் வயரைக் கழற்றிவிட்டு, அந்த நுனியில் மீட்டர் வைத்திருப்பீர்கள். மீட்டர் ஏறக்குறைய கரண்டே எடுக்காது. கரண்ட் ஓடாத வயரில் எவ்வளவு துருப்பிடித்த இணைப்பு இருந்தாலும் வோல்டேஜ் குறையாது. ஒரே ஒரு செப்பு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் 12 காட்டும். லோடு இல்லாமல் எடுத்த அந்த அளவை நம்ப முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தம் சுமார் 3.2 ஓம். நான்கும் இணையாக இருப்பதால் மொத்தம் 0.8 ஓம். 12 வோல்ட் முழுதாக வந்தால் 15 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் ஒரு கெட்ட இணைப்பு வெறும் 0.2 ஓம் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 ஓம் ஆகி, கரண்ட் 12 ஆம்பியராக இறங்கிவிடும். காந்தத்துக்குக் கிடைப்பது 9.6 வோல்ட். காந்தம் இழுக்கும் பலம் கரண்டின் வர்க்கத்தை ஒட்டிப் போவதால், கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலம் போயிற்று. 0.2 ஓம் என்பது விலை குறைந்த மீட்டரின் வயர்களுக்கே இருக்கும் தடை, அதனால் ஓம் அளவில் வைத்தும் இதைப் பிடிக்க முடியாது.

ஆகவே எல்லாவற்றையும் மாட்டியபடி, பிரேக் முழுதாகப் போட்ட நிலையில் அளக்க வேண்டும். இன்னும் நல்லது ஆம்பியரை அளப்பது.

9. ஆம்பியர் எப்படி அளக்கறது? என் மீட்டர்ல 10 ஆம்பியர் வரைக்கும்தான் இருக்கு.

அந்த மீட்டரைச் சுற்றுக்குள் நுழைக்காதீர்கள், ஃபியூஸ் போய்விடும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள் அல்லது கடன் வாங்குங்கள். கடையில் கேட்கும்போது டி.சி. என்று அழுத்திச் சொல்லுங்கள். ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது. டிரெய்லர் ப்ளக்குக்குப் பக்கத்தில் நீல வயரை மட்டும் கிளாம்புக்குள் விட்டு, காருக்குள் ஒருவரை உட்காரவைத்து, கெயினை முழுதாக வைத்து மேனுவலை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியபடி அதிக நேரம் வைக்க வேண்டாம், காந்தம் சூடாகும்.

ஒரு காந்தத்துக்கு 3 முதல் 4 ஆம்பியர் வரை எதிர்பார்க்கலாம். இரண்டு காந்தம் என்றால் 6 முதல் 8, நான்கு என்றால் 12 முதல் 16. நான்கு காந்த வண்டியில் 9, 10 என்று நின்றால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை, அல்லது நான்குக்குமே குறைவாகப் போகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் வயரிலும் தனித்தனியாகக் கிளாம்ப் வைத்தால் எது என்று தெரிந்துவிடும்: ஒன்று மட்டும் சைபர் என்றால் அந்தக் காந்தம் அல்லது அதன் இணைப்பு, நான்கும் சமமாகக் குறைந்தால் நான்குக்கும் பொதுவான வயரில் கோளாறு. அளவு மிக அதிகமாக வந்தால் எங்கோ ஷார்ட்.

10. நாலுக்கும் சமமா குறையுது. வயரா, எர்த்தா, எப்படிப் பிரிக்கறது?

எர்த் என்பது வெள்ளை வயர் வழியாகக் கரண்ட் திரும்பி வரும் பாதை. நீளமான வயர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் முழுதாகப் போட்ட நிலையில், மீட்டரின் ஒரு முனையை டிரெய்லர் ப்ளக்கின் வெள்ளை வயரிலும், மறுமுனையை இந்த நீள வயர் மூலம் காந்தத்தின் எர்த் பக்கத்திலும் வையுங்கள். சரியான எர்த் என்றால் அரை வோல்ட்டுக்குள் காட்டும். 2 வோல்ட் காட்டினால் அந்த 2 வோல்ட்டும் காந்தத்துக்குப் போகாமல் வழியில் வீணாகிறது. அதேபோல் நீலப் பக்கத்தையும் அளந்து பாருங்கள். குறை எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் பாதி தூரத்தில் ஒரு முறை, அதில் பாதியில் ஒரு முறை என்று நெருங்கினால் சில நிமிடத்தில் இடம் அகப்படும்.

வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள்: பச்சை பிடித்த ப்ளக் ஊசிகள், வயரின் மேல் நசுக்கிப் போடும் அந்த நீலப் பிளாஸ்டிக் கிளிப்புகள், பெயின்ட்டின் மேலேயே முறுக்கிய எர்த் ஸ்குரூ. கிளிப்புகளைக் கண்டால் யோசிக்காமல் வெட்டி எறிந்துவிட்டு, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் இணைப்பு போடுங்கள். வெள்ளை வயர் அறுந்து, டோ பால் வழியாகவே எர்த் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் உண்டு. பாலுக்கு கிரீஸ் பூசிய அன்று பிரேக் போய்விடும், ஓனருக்கு ஒன்றும் புரியாது.

11. 5 மி.மீ. வயர்தான் போட்டிருக்காங்க. நல்ல தடிமன்தானே?

ஆஸ்திரேலியக் கடைகளில் ஆட்டோ கேபிளுக்கு எழுதியிருக்கும் மி.மீ., மேலே இருக்கும் பிளாஸ்டிக்கோடு சேர்த்த குறுக்களவு. செம்பின் பரப்பு அது இல்லை. 5 மி.மீ. என்று விற்பதில் செம்பு 2.9 சதுர மி.மீ. சுமார்தான். 4 மி.மீ. என்பதில் 1.85-தான்.

ப்ளக்கிலிருந்து ஆக்சிலுக்கு 7 மீட்டர், திரும்பி வர 7 மீட்டர் என்று கொண்டால், 15 ஆம்பியருக்கு 5 மி.மீ. கேபிளில் சுமார் 1.2 வோல்ட் போகும். 4 மி.மீ. என்றால் சுமார் 2 வோல்ட். காருக்குள் ஓடும் வயரின் இழப்பு இதற்கு மேல். நான்கு காந்தம் உள்ள கேரவனுக்கு 6 மி.மீ. கேபிளாக இழுப்பது என் சிபாரிசு, நீலத்துக்கும் வெள்ளைக்கும் சேர்த்துத்தான்.

12. கோளாறு கார்லயா டிரெய்லர்லயான்னே தெரியல. கன்ட்ரோலர் மாத்திடலாமா?

பொறுங்கள். காரைக் கழற்றிவிட்டு, நன்றாகச் சார்ஜ் ஆன ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த வயர் மூலம் டிரெய்லர் ப்ளக்குக்கே நேராகக் கொடுங்கள். 7 ஊசி தட்டை ப்ளக் என்றால் 5-ஆம் ஊசி பிரேக், 3-ஆம் ஊசி எர்த். கேள்வி 9-ல் சொன்ன ஆம்பியர் வந்தால் டிரெய்லர் வயரிங் சரி, காரைப் பாருங்கள். வராவிட்டால் கன்ட்ரோலரை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

காரைச் சோதிக்க 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று போதும். கார் சாக்கெட்டின் அதே இரு ஊசிகளில் மாட்டி மேனுவலை அழுத்துங்கள். கெயினைக் கூட்டக் கூட்டப் பல்பு பிரகாசமாக வேண்டும், முழுக் கெயினில் மங்கலாக எரியக் கூடாது. மீட்டரைவிட இதுவே மேல். கன்ட்ரோலர் கரண்ட்டை வேகமாகத் துண்டு துண்டாக வெட்டித்தான் குறைக்கிறது, நடுக் கெயினில் சாதா மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் குறைவு.

அமைப்பையும் ஒரு தடவை பாருங்கள். டெகோன்ஷா பி3 போன்ற கன்ட்ரோலர்களில் எலக்ட்ரிக், எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் என்று இரண்டு வகை இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. வேகக் குறைவை உணர்ந்து வேலை செய்யும் வகைகளில், நின்ற வண்டியில் பெடலை மிதித்தால் மிகக் கொஞ்சமாகத்தான் கரண்ட் வரும். அதைப் பார்த்துவிட்டு கன்ட்ரோலர் செத்தது என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர்.

13. பிரேக்அவே பின்னை இழுத்தா சக்கரம் நல்லா பிடிக்குது. பெடல்ல மட்டும் வீக். ஏன்?

நல்ல தடயம். பின்னை இழுத்ததும் பிரேக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன பேட்டரி டிரெய்லரிலேயே இருக்கிறது, கரண்ட் நடக்கும் தூரம் குறைவு. அதில் பிடிக்கிறது என்றால் காந்தமும் ஷூவும் நன்றாகத்தான் இருக்கின்றன. ப்ளக்கிலும் கார் பக்கத்திலும் தேடுங்கள். இந்தச் சோதனையைக் கார் ப்ளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், சில கன்ட்ரோலர்களுக்குப் பின்னாலிருந்து வரும் கரண்ட் ஆகாது. பின்னை உடனே திரும்பப் போடுங்கள். பார்க்கிங் பிரேக்காக அதைப் பயன்படுத்தினால் பேட்டரி காலியாகும், வண்டி உருளும்.

14. கரண்ட் சரி, அட்ஜஸ்ட்மென்ட் சரி. இன்னும் பிடிக்கல. இப்ப என்ன?

இப்போதுதான் டிரம்மைக் கழற்றும் நேரம். முதலில் மூக்கும் விரலும்: ஷூவில் கிரீஸ் இருக்கிறதா? ஹப்பின் பின்பக்க சீல் கசிந்தால் கிரீஸ் நேராக ஷூவுக்குத்தான் போகும். கிரீஸ் நிப்பிள் உள்ள ஆக்சில்களில், டயரைச் சுற்றாமல் வேகமாகப் பம்ப் அடித்துச் சீலைத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது காந்தத்தின் முகம். சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும், மேலே ஒரு நேரான அளவுகோலை வைத்தால் வெளிச்சம் புகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தால் நெம்புகோலின் புஷ் தளர்ந்திருக்கும். உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள் கண்ணுக்குத் தெரிந்தால் காந்தம் முடிந்தது. காந்தம் கவ்வும் டிரம் முகத்தில் ஆழமான கோடுகள் இருந்தால் அதைக் கடைந்து சமன்செய்ய வேண்டும். கடைந்தால் காந்தத்தையும் புதிதாகப் போடுங்கள், பழையது புது முகத்தோடு படியாது. டிரம்மின் உள்விட்டத்துக்கும் எல்லை உண்டு: பல 10 அங்குல டிரம்களுக்கு அது 10.090 அங்குலம், டிரம்மிலேயே பொறித்திருக்கும்.

கடைசியாக, யாரும் யோசிக்காத ஒன்று. வலது பக்க பிரேக்கை இடது பக்கம் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காந்த நெம்புகோல் வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். லைனிங் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) நீளம் குறைந்த ஷூ முன்னால், நீளமானது பின்னால். மாறியிருந்தால், நீங்கள் முன்னால் ஓட்டும்போது பிரேக்குக்கு அது ரிவர்ஸ்.

15. கிரீஸ் பட்ட ஷூவை பெட்ரோல் ஊத்திக் கழுவினா போதாதா?

போதாது. லைனிங் கிரீஸை உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தால் காய்ந்ததுபோல் தெரியும், முதல் சூட்டிலேயே திரும்பவும் கசியும். ஷூவை மாற்றுங்கள், சீலையும் மாற்றுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடையானது 2003 டிசம்பர் 31-இல்தான், அதற்கு முந்திய டிரெய்லரில் பழைய லைனிங் இருக்கக்கூடும்.

16. ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்குது, மற்றப் பக்கம் சும்மா உருளுது. எந்தச் சக்கரம் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

சில தடவை மேனுவலால் பிடித்து நிறுத்திவிட்டு, இறங்கி ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஆறிக்கிடப்பது வேலை செய்யாதது. மற்றவற்றைவிட ரொம்பச் சூடாக இருப்பதும் குறைதான்: ஷூ இறுக்கமாக இருக்கலாம், பியரிங் போய்க்கொண்டிருக்கலாம். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். அந்தச் சக்கரத்தில் கேள்வி 5, 9, 14 என்ற வரிசையில் தேடுங்கள்.

17. ஊருக்குள்ள நல்லா இருக்கு. மலை இறங்கும்போது பாதியில போயிடுது.

உல்லன்காங் பக்கம் மவுண்ட் ஓஸ்லி, குயின்ஸ்லாந்தில் டூவூம்பா மலைச்சரிவு போன்ற இடங்களில் இறங்கியவர்கள் இதைக் கேட்கிறார்கள். இங்கே மூன்று விஷயம் சேர்ந்து வேலை செய்கிறது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பு குறைகிறது. செப்புக் கம்பியின் தடை கூடி, காந்தத்தின் கரண்ட்டும் இறங்குகிறது: 100 டிகிரி சூடேறினால் தடை சுமார் 40 சதவீதம் ஏறும்.

சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், இன்ஜின் பிடித்து வைக்கட்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், ஒரு முறை நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். லேசான சரிவிலேயே போய்விடுகிறது என்றால் அது மலையின் குற்றமில்லை. சில சக்கரங்கள் வேலை செய்யாமல் மற்றவை மொத்தச் சுமையையும் தாங்குகின்றன, கேள்வி 16-ஐப் பாருங்கள்.

18. ரிவர்ஸ்ல பிடிக்கவே மாட்டேங்குதே?

கேள்வி 1-ல் சொன்ன நெம்புகோல் அமைப்பு முன்னோட்டத்துக்காகச் செய்தது. பின்னால் போகும்போது பலம் குறைவது இயல்பு. ஏற்றத்தில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கும் கட்டையும்தான் துணை.

19. படகு டிரெய்லருக்கு இதைப் போடலாமா?

உப்புத் தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு வேண்டாம். காந்தமும் இணைப்புகளும் சீக்கிரம் அரித்துப்போகும். ஹைட்ராலிக் டிஸ்க் பக்கம் போங்கள். கேரவனோடு ஓடை கடந்தவர்கள், ஏறியதும் மெதுவாகச் சில முறை பிரேக் பிடித்து உலர்த்திக்கொண்டால் போதும்.

20. மெக்கானிக் நாலு மேக்னட்டும் மாத்த வேணும் எண்டு சொல்லுறார். நம்பலாமோ?

எத்தனை ஆம்பியர் வந்தது, டிரம்மைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். எண்ணைச் சொல்லி, தேய்ந்த காந்தத்தையும் காட்டினால் தாராளமாக மாற்றுங்கள். உண்மையிலேயே தேய்ந்திருந்தால், காந்தம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் கோத்துத் தகட்டோடு வரும் முழு செட்டின் விலையையும் கேட்டுப் பாருங்கள். சில போல்ட்டும் இரண்டு வயரும்தான் வேலை, கூலி மிச்சமாகும். இடது, வலது கவனம்.

21. நின்னபடி அளந்தா எல்லாமே சரி. ஓடும்போது மட்டும் விட்டு விட்டுப் பிடிக்குது.

இது கொஞ்சம் வம்பு பிடித்த கேஸ். ஒரு சீரான தாளத்தில், சக்கரம் சுற்றும் கணக்குக்கு விட்டு விட்டுப் பிடித்தால் டிரம் வட்டம் கோணியிருக்கும், அல்லது பியரிங் ஆடும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

தாளமே இல்லாமல், பள்ளத்தில் விழும்போது மட்டும் போய்ப் போய் வந்தால் வயர்தான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வயர் பெரும்பாலும் ஆக்சில் குழாய்க்குள்ளே போகிறது. ஓடும் அதிர்வில் உள்ளே உரசி உரசித் தோல் கிழிந்து, குழாயைத் தொட்டுத் தொட்டு விலகும். கன்ட்ரோலர் அவ்வப்போது ஷார்ட் என்று காட்டிவிட்டு அடங்கிவிடும். கிளாம்ப் மீட்டரை அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் நிலையில் வைத்து, பிரேக்கைப் போட்டபடி குழாயின் இரு முனையிலும் வயரை இழுத்து ஆட்டுங்கள். ஆம்பியர் குதித்தால் பழைய வயரை உருவி எடுக்க மெனக்கெட வேண்டாம். இரு முனையிலும் வெட்டி மூடிவிட்டு, புது வயரை நெளிகுழாய்க்குள் விட்டு ஆக்சிலின் பின்பக்கமாக, கல் அடிக்காத இடத்தில் கட்டுங்கள். சஸ்பென்ஷன் முழுதாக ஏறி இறங்கும் அளவுக்குக் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.